மங்களூரு, உடுப்பி, ஆகும்பே: நாமே ஓட்டும் வாடகைக் காரா, டிரைவர் வண்டியா, ரயிலா?

போன மாதம் சித்தி மகள் போன் செய்து, “அக்கா, உடுப்பிப் பக்கம் நாலு நாள் போறோம், கார் எடுத்து நாங்களே ஓட்டலாமா, இல்ல டிரைவரோட எடுத்துடலாமா?” என்று கேட்டாள். முக்கால் மணி நேரம் பேசியும் முடியவில்லை, அதனால் உட்கார்ந்து எழுதிவிடுகிறேன். அந்தப் பக்கம் நான் மூன்று முறை மூன்று விதமாகப் போயிருக்கிறேன். முதல் முறை கோவையிலிருந்து எங்கள் சொந்தக் காரில், இரண்டாம் முறை அத்தை மாமாவைக் கூட்டிக்கொண்டு டிரைவர் வண்டியில் கோயில் கோயிலாக, கடைசியாக ஒரு நவம்பரில் உடுப்பிக்கு ரயிலில் போய் இறங்கி, அங்கேயே வாடகைக்கு எடுத்த காரை நானும் கணவரும் மாறி மாறி ஓட்டிக்கொண்டு.

எது நல்லது என்று சொல்வதற்கு முன்னால் அந்த ஊரின் அமைப்பைப் புரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் முடிவு அதில்தான் இருக்கிறது. ஓர் ஏணியை நினைத்துக்கொள்ளுங்கள். ஏணியின் ஒரு கால், கடலை ஒட்டி மங்களூரிலிருந்து வடக்கே உடுப்பி, குந்தாபுரா, பைந்தூர், முருதேஸ்வர், ஹொன்னாவர், கோகர்ணா என்று போகும் தேசிய நெடுஞ்சாலை 66. இன்னொரு கால், மலைக்கு மேலே மலநாட்டில் சிருங்கேரி, தீர்த்தஹள்ளி, ஹொசநகரா, சாகர் என்று போகும் சாலைகள். இரண்டையும் இணைக்கும் படிகள்தான் காட் ரோடுகள், அதாவது மலைப்பாதைகள்: தெற்கே சிராடி, சார்மாடி, அப்புறம் குதிரேமுக் காட்டு வழி, ஆகும்பே, ஹுலிகல், கொல்லூர், வடக்கே ஹொன்னாவரிலிருந்து ஜோக் அருவிக்குப் போகும் பாதை. காலையில் கடல் அலையில் கால் நனைத்துவிட்டு மதியம் மலைமேல் மூடுபனியில் நிற்கலாம் என்பது இங்கே நிஜமாகவே நடக்கும். மால்பே கடற்கரையில் தொடங்கும் தேசிய நெடுஞ்சாலை 169ஏ உடுப்பி, மணிபால், ஹெப்ரி வழியாக ஆகும்பே ஏறி தீர்த்தஹள்ளி போய்ச் சேருகிறது, அதாவது ஒரே சாலை கடலையும் மலையையும் கோத்துக்கொண்டு போகிறது.

ஆகையால் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது, இந்த ஏணியில் எத்தனை படி ஏறி இறங்கப் போகிறோம் என்பதைத்தான். ஒரு படியும் ஏறவில்லை, கடற்கரை மட்டும்தான் என்றால் காரே வேண்டாம். ஒரு பக்கம் ஏறி இன்னொரு பக்கம் இறங்கி, இடையில் ஆற அமர நாலு நாள் தங்குவதென்றால் நாமே ஓட்டும் கார்தான். இரண்டு நாளில் ஐந்து கோயில் என்று ஓட வேண்டுமென்றால் டிரைவர் வண்டி. சித்தி மகளிடம் இதைத்தான் சொன்னேன், அவள் “ஏன்?” என்று கேட்டதில்தான் மீதி நேரம் போனது.

சொந்தக் காரைப் பற்றிச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடுகிறேன். கோவையிலிருந்து பாலக்காடு, கோழிக்கோடு, கண்ணூர் வழியாக மங்களூருக்குச் சுமார் 400 கிலோமீட்டர். சென்னையிலிருந்து பெங்களூரு வழியாக 700. வண்டி பழகிய வண்டி, டிக்கி நிறையச் சாமான் வைத்துக்கொள்ளலாம், எந்தக் கீறலுக்கும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம் என்பதெல்லாம் உண்மை. ஆனால் போக ஒரு முழு நாள், வர ஒரு முழு நாள். கேரளக் கடற்கரைச் சாலையில் ஊருக்கு ஊர் சேர்ந்தே இருப்பதால் வேகம் எடுக்கவே முடியாது, நாங்கள் போனபோது பல இடங்களில் அகலப்படுத்தும் வேலையும் நடந்துகொண்டிருந்தது. மங்களூரு போய்ச் சேர்ந்தபோது ஓட்டியவருக்கு முதுகு விட்டுப்போயிருந்தது, மறுநாள் மலை ஏற வேண்டும் என்ற நினைப்பே பயமாக இருந்தது. ஐந்து நாள் விடுமுறையில் இரண்டு நாளைச் சாலைக்குக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பத்து நாள் கையில் இருந்து, வழியில் பேக்கல் கோட்டை, கண்ணூர் என்று நின்று நின்று போகிறவர்களுக்கு அது வேறு கணக்கு.

இப்போது டிரைவர் வண்டி. இங்கேதான் நிறையப் பேர் பணத்தில் ஏமாறுகிறார்கள், யாரும் ஏமாற்றாமலேயே. வெளியூர் டாக்சிக்குக் கட்டணம் கிலோமீட்டர் கணக்கு, ஆனால் ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் இத்தனை கிலோமீட்டர் என்று ஒரு வரம்பு வைத்திருப்பார்கள், பெரும்பாலும் 250 அல்லது 300. உடுப்பியில் கிளம்பி, கடற்கரையோரமாக ஹொன்னாவர் போய், ஜோக் ஏறி, சாகர், தீர்த்தஹள்ளி வழியாக ஆகும்பே வந்து, மறுபடி உடுப்பியில் இறங்கும் சுற்று மொத்தமே 400 கிலோமீட்டருக்குள். கோட்டை, அருவி, கோயில் என்று பக்கத்தில் விலகி விலகிப் போனாலும் 550 தாண்டாது. அதையே டிரைவர் வண்டியில் நாலு நாள் சுற்றினால், நாளுக்கு 300 என்று 1,200 கிலோமீட்டருக்குப் பணம் கட்டுவோம். ஓடாத 650 கிலோமீட்டருக்கும் சேர்த்துத்தான். அதற்கு மேல் தினமும் டிரைவர் பேட்டா, டோல், தமிழ்நாட்டு வண்டியாக இருந்தால் கர்நாடக பெர்மிட். இந்தப் பகுதியில் தூரம் குறைவு, நாள் அதிகம், அதனால்தான் கிலோமீட்டர் கணக்கு நம் கையைக் கடிக்கிறது. நாமே ஓட்டும் காருக்கோ நாள் வாடகை, பெட்ரோல், டோல், அவ்வளவுதான். மலைப்பாதையும் சேர்த்து லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கிடைக்கும் என்று வைத்தால் 550 கிலோமீட்டருக்கு 37 லிட்டர் பெட்ரோல் ஆகும். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள், அன்றைய வாடகையையும் பெட்ரோல் விலையையும் போட்டால் உங்களுக்கே விடை வந்துவிடும்.

ஆனால் அதே டிரைவர் வண்டி, கோயில் பயணத்துக்கு மிகச் சரியானது, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தமிழ்நாட்டிலிருந்து இந்தப் பக்கம் போகிறவர்களில் பாதிப் பேர் கோயிலுக்காகத்தான் போகிறார்கள்: தர்மஸ்தலா, குக்கே சுப்ரமண்யா, சிருங்கேரி, ஹொரநாடு, உடுப்பி கிருஷ்ணர், எம்.ஜி.ஆர். தங்க வாள் காணிக்கை செலுத்திய கொல்லூர் மூகாம்பிகை. இவை கடற்கரைக்கும் மலைக்குமாகச் சிதறிக் கிடக்கின்றன, நடை சாத்துவதற்குள் போய்ச் சேர வேண்டும், தினமும் 250 கிலோமீட்டர் ஓட்டம் தானாகவே வந்துவிடும், எனவே அந்தக் குறைந்தபட்சக் கணக்கும் இடிக்காது. எங்கள் டிரைவர் உடுப்பிக்காரர், துளுவும் கன்னடமும் பேசுவார், கொஞ்சம் தமிழும் வந்தது. சிருங்கேரியில் மழை கொட்டிக்கொண்டிருந்தபோது அத்தையைக் கோயில் வாசலுக்கு எவ்வளவு பக்கத்தில் இறக்கிவிட முடியுமோ அவ்வளவு பக்கத்தில் இறக்கிவிட்டு, வண்டியை எங்கோ கொண்டுபோய் நிறுத்திவிட்டு, நாங்கள் வெளியே வரும்போது குடையோடு நின்றிருந்தார். முழங்கால் வலி உள்ளவர்களைக் கூட்டிக்கொண்டு போகும்போது, பார்க்கிங் தேடி அலைய வேண்டாம் என்ற அந்த ஒரு நிம்மதிக்கே கொடுத்த பணம் தகும். மலை ஏறுவதற்கு முன்னால் அவரே ஒரு கடையில் நிறுத்தி எலுமிச்சம்பழம் வாங்கி அத்தை கையில் கொடுத்தார், வயிற்றைப் பிரட்டினால் முகர்ந்து பார்க்கச் சொல்லி.

அந்தப் பயணத்தில் எனக்கு இருந்த குறை வேறு. நிறுத்தச் சொல்ல மனம் வரவில்லை. ஒரு திருப்பத்தில் பள்ளத்தாக்கு முழுக்க மேகம் நிரம்பிக் கிடக்கும், பார்த்தவுடன் “அண்ணா, நிறுத்துங்க” என்று சொல்லலாம்தான், அவரும் நிறுத்துவார்தான். ஆனால் ஐந்தாவது முறை சொல்லும்போது நமக்கே கூச்சமாக இருக்கும், அவர் இரவு சாப்பாட்டுக்கு முன் போய்ச் சேர வேண்டும், நாளை விடிகாலை மறுபடி கிளம்ப வேண்டும் என்று மனது கணக்குப் போடும். நாமே ஓட்டும்போது அந்தக் கூச்சம் இல்லை.

மரவந்தேயில் எனக்கு அது நன்றாகப் புரிந்தது. குந்தாபுராவைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், நெடுஞ்சாலைக்கு இடது பக்கம் அரபிக்கடல், வலது பக்கம் சௌபர்ணிகா ஆறு, நடுவில் சாலை மட்டும். டிரைவர் வண்டியில் போனபோது ஜன்னல் வழியாகப் பார்த்தோம், இரண்டு நிமிடத்தில் கடந்துவிட்டது. நாங்களே ஓட்டிப்போன முறை அங்கே வண்டியை ஓரங்கட்டி இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். ஒரு பக்கம் அலை இரைச்சல், திரும்பி உட்கார்ந்தால் ஆறு அசையாமல் கிடக்கிறது, அதில் தென்னைகளும் தூரத்து மலையும் தலைகீழாகத் தெரிகின்றன. மகள் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “இந்தத் தண்ணியும் அந்தத் தண்ணியும் ஒரே தண்ணியாம்மா?” என்று கேட்டாள். ஆறு மலையிலிருந்து வருகிறது, கடலுக்கு ரொம்பப் பக்கத்தில் வந்தும் உடனே கலக்காமல், கடலுக்கு இணையாகவே ஓடி, கங்கொள்ளி பக்கத்தில்தான் கலக்கிறது என்று வரைபடத்தைக் காட்டிச் சொன்னேன். அங்கே நெடுஞ்சாலையில் லாரிகள் வேகமாக வரும், குழந்தைகள் சாலையைக் கடக்கும்போது கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சரி, வாடகைக் கார் என்று முடிவு செய்தால் எங்கே எடுப்பது? மங்களூரு விமான நிலையத்திலும் நகரத்திலும் கிடைக்கும், உடுப்பியிலும் மணிபாலிலும் கிடைக்கும். நான் உடுப்பி, மணிபால் பக்கம்தான் எடுக்கச் சொல்வேன். மங்களூரிலிருந்து உடுப்பி வரையிலான 55, 60 கிலோமீட்டர் வெறும் நெடுஞ்சாலை நெரிசல், அதை ரயிலில் கடந்துவிட்டால் மிச்சம். பெரும்பாலும் எடுத்த இடத்திலேயே திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும் என்பதால் சுற்றுவழியாகத் திட்டம் போடுவதுதான் சரி, அதற்கும் உடுப்பி நல்ல மையம்.

எடுக்கும்போது முதலில் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். நாமே ஓட்டும் வாடகைக் காருக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். வெள்ளைப் பலகை வைத்த தனியார் காரை யாராவது குறைந்த வாடகைக்குத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டியை வாடகைக்கு விடுவது சட்டப்படி தவறு, விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிடலாம், அந்தச் சுமை முழுக்க ஓட்டியவர் தலையில் விழும். அப்புறம் வீடியோ. வண்டியைச் சுற்றி நாலு பக்கமும், பம்பருக்குக் கீழே, நாலு சக்கரத்தின் விளிம்பு, ஸ்டெப்னி, ஜாக்கி, பெட்ரோல் முள், ஓடிய கிலோமீட்டர் எல்லாவற்றையும் பேசிக்கொண்டே ஒரே வீடியோவாக எடுத்துவிடுங்கள். எங்களுக்கு வண்டி கொடுத்த இடத்தில், திரும்பக் கொடுக்கும்போது பின் கதவில் இருந்த ஒரு கீறலைக் காட்டி டெபாசிட்டில் பிடிப்போம் என்றார்கள். முதல் நாள் வீடியோவில் அதே கீறல், அதே இடத்தில், பக்கத்தில் என் விரலோடு இருந்தது. காட்டினேன், விட்டுவிட்டார்கள், ஆனாலும் டெபாசிட் கைக்கு வர இரண்டு வாரம் ஆனது. வீடியோ இல்லையென்றால் அந்தப் பணம் போயிருக்கும். கிலோமீட்டர் வரம்பு உண்டா, தாண்டினால் எவ்வளவு, வேக வரம்பு மீறினால் அபராதம் உண்டா, ஃபாஸ்டாகில் பணம் யார் போடுவது என்பதையும் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கடற்கரைச் சாலையில் ஹெஜமாடி, சாஸ்தானா, ஷிரூர் என்று டோல்கள் இருக்கின்றன.

பெரிய கார் எடுப்பதா, சின்னதா? எல்லோரும் மலை என்றவுடன் எஸ்யூவி என்கிறார்கள். நாலு பேர் வரைக்கும் சின்ன ஹேட்ச்பேக்கே போதும் என்பது என் எண்ணம். ஆகும்பே பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் 14, ஒவ்வொன்றும் இறுக்கமானது, கனரக வாகனங்களுக்கு அனுமதியே இல்லாத அளவுக்கு. எதிரில் மினி பஸ் வந்தால் சின்ன வண்டி ஒதுங்க இடம் கிடைக்கும். ஐந்து பேரும் பெட்டிகளும் என்றால் மட்டும் எஞ்சின் வலு அதிகமுள்ள வண்டி எடுங்கள், இல்லையென்றால் ஏற்றத்தில் ஃபர்ஸ்ட் கியரிலேயே மூச்சு வாங்கும். மலையில் கிளட்ச் போட்டுப் பழக்கமில்லாதவர்களுக்கு ஆட்டோமேட்டிக் நல்லதுதான், ஆனால் இறங்கும்போது கியரைக் கீழே பூட்டிவைக்கும் வசதி அதில் எப்படி என்று எடுக்கும் இடத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இறக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். முதல் முறை சொந்தக் காரில் ஆகும்பேயிலிருந்து இறங்கியபோது கணவர் தேர்ட் கியரில் பிரேக்கை மிதித்து மிதித்தே வந்தார். பாதிக்கு மேல் வந்தபின் ரப்பர் எரிவதுபோல ஒரு வாடை. ஏதோ முன்னால் போகும் வண்டியிலிருந்து என்று நினைத்தோம். கீழே சோமேஸ்வராவில் ஒரு டீக்கடை முன்னால் நிறுத்தி இறங்கினால் வாடை எங்கள் வண்டியிலிருந்துதான், முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் கை கொண்டுபோனாலே சுட்டது. டீக்கடைக்காரர் பார்த்துவிட்டு இரண்டு விரலைக் காட்டி “செகண்ட், செகண்ட்” என்றார். அரை மணி நேரம் ஆறவிட்டுத்தான் கிளம்பினோம். ஏறும்போது எந்தக் கியர் கேட்கிறதோ அதே கியரில் இறங்க வேண்டும், வண்டியின் பாரத்தை எஞ்சின் பிடித்துக்கொள்ளும், பிரேக்கை வளைவுக்கு முன்னால் மட்டும் தொட்டால் போதும். ஏறிவரும் வண்டிக்குத்தான் முதல் வழி, அது சட்டத்திலேயே இருக்கிறது. வளைவுக்கு முன் ஹாரன், பகலிலும் விளக்கு.

இதனாலேயே சுற்றின் திசையும் முக்கியம் என்று நினைக்கிறேன். வாடகை வண்டி முதல் நாள் நமக்குப் புதிது, பிரேக் எவ்வளவு அழுத்தினால் பிடிக்கும், கிளட்ச் எங்கே கடிக்கும் என்று காலுக்குத் தெரியாது. அன்றைக்கே ஆகும்பே ஏறாதீர்கள். முதல் நாள் சமதளமான கடற்கரைச் சாலையில் வடக்கே போய் முருதேஸ்வரில் தங்குங்கள், மறுநாள் ஹொன்னாவரிலிருந்து ஜோக் ஏறுங்கள். ஜோக்கில் விழும் ஷராவதிதான் ஹொன்னாவரில் கடலில் கலக்கிறது, அந்த 60 கிலோமீட்டர் காட்டுச் சாலை நீளமாக, நிதானமாக ஏறும், வண்டியைப் பழகிக்கொள்ள ஏற்றது. அப்புறம் சாகர் பக்கம் இக்கேரி, கெளதி கோயில்கள், தெற்கே இறங்கி நகரா கோட்டை, தீர்த்தஹள்ளிக்குப் பக்கத்தில் கவிஞர் குவெம்புவின் குப்பள்ளி வீடு, கடைசி இரவு ஆகும்பே. சூரியன் மறைவதைப் பார்க்கும் இடம் மலைப்பாதையின் மேல் பகுதியிலேயே இருக்கிறது, வானம் தெளிவாக இருந்தால் தூரத்தில் கடல் மின்னும். பார்த்துவிட்டு இருட்டில் 14 வளைவும் இறங்க வேண்டாம், ஊருக்குத் திரும்பித் தூங்கி, காலையில் பனி விலகியபின் இறங்குங்கள். அப்போது வண்டியும் நீங்களும் நாலு நாள் பழகியிருப்பீர்கள்.

எந்தப் படியில் ஏறி எதில் இறங்குவது என்பதில் இன்னும் சில தேர்வுகள் இருக்கின்றன. குதிரேமுக் வழி எனக்கு மிகப் பிடித்தது. புல் போர்த்திய மலைகளும் அடிவாரத்தில் சோலைக்காடும் நம் ஊர் மேல் பவானி, வால்பாறைப் பக்கத்தை நினைவுபடுத்தும், இரும்புத்தாது சுரங்கம் 2005 இறுதியில் மூடியபின் ஊரே அடங்கிக் கிடக்கிறது. ஆனால் அது தேசியப் பூங்காவுக்குள் போகும் சாலை, சாவடியில் வண்டி எண்ணைக் குறித்துக்கொள்வார்கள், உள்ளே இஷ்டத்துக்கு நிறுத்தி இறங்கக் கூடாது. நின்று நின்று பார்க்க விரும்புகிறவர்களுக்கு அதனால் அது கொஞ்சம் ஏக்கத்தைத்தான் தரும். சிராடி, பெங்களூரு போகும் தேசிய நெடுஞ்சாலை 75, லாரிகள் வரிசை கட்டும், பார்ப்பதற்காகப் போகும் பாதை அல்ல. புதிதாக ஒரு படி சேர்ந்திருக்கிறது: சிகந்தூர். ஷராவதி அணை நீர்த்தேக்கத்தை முன்பெல்லாம் லாஞ்சில் காரை ஏற்றித்தான் கடக்க வேண்டும், வரிசையில் காத்திருக்க வேண்டும். 2025 ஜூலையில் 2 கிலோமீட்டருக்கும் மேல் நீளமான கேபிள் பாலம் திறந்துவிட்டார்கள். சாகரிலிருந்து சிகந்தூர் சௌடேஸ்வரி கோயிலைப் பார்த்துவிட்டு அப்படியே கொல்லூர் இறங்குவது இப்போது எளிது. மூகாம்பிகையைப் பார்க்க வேண்டும், ஆனால் ஆகும்பே வளைவுகள் பயமாக இருக்கின்றன என்கிறவர்கள் ஜோக், சாகர், சிகந்தூர், கொல்லூர் என்று சுற்றை வடக்கிலேயே முடித்துக்கொள்ளலாம்.

எப்போது போவது என்பதுதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம், ஏனென்றால் கடலும் மலையும் ஒரே மாதத்தில் முழு அழகோடு இருப்பதில்லை. ஜோக் 253 மீட்டர் உயரத்திலிருந்து ராஜா, ராணி, ரோரர், ராக்கெட் என்று நாலு பிரிவாக விழுவது தென்மேற்குப் பருவமழையில்தான். மேலே லிங்கனமக்கி அணை தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்வதால் கோடையில் பாறைதான் தெரியும். ஆனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை கடல் கொந்தளிக்கும், மால்பேயிலிருந்து செயின்ட் மேரீஸ் தீவுக்குப் படகு கிடையாது, ஜூன், ஜூலை மாதங்களில் விசைப்படகு மீன்பிடிக்குத் தடை இருப்பதால் கிழங்கானும் அயிலையும் வழக்கம்போலக் கிடைக்காது. ஆகும்பேயில் ஆண்டுக்கு 7,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை, அதில் பெரும்பகுதி இந்த மாதங்களில். 2024 ஜூலையில் அங்கோலா பக்கத்து ஷிரூரில் (டோல் இருக்கும் ஷிரூர் அல்ல, அது வேறு) நெடுஞ்சாலை 66-இல் மலை சரிந்து பலர் இறந்தார்கள், நம் ஊர் லாரி ஓட்டுநர்களும் அதில் உண்டு. அதனால் அடைமழையில் நாமே ஓட்டுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மழையில் அருவி பார்த்தே ஆக வேண்டுமென்றால் அந்த ஊர் டிரைவரோடு போங்கள், எந்தப் பாதை அன்று மூடியிருக்கிறது, எந்த இடத்தில் மண் இறங்கும் என்று அவருக்குத்தான் தெரியும், அப்போது அந்த 300 கிலோமீட்டர் கணக்கைப் பார்க்கக் கூடாது. நாமே ஓட்ட அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரைதான் சரியான காலம். மழை ஓய்ந்திருக்கும், மலை பச்சை மாறாமல் இருக்கும், அருவியில் ஓரளவு தண்ணீர் இருக்கும், தீவுக்குப் படகும் ஓடும்.

ரயிலைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். கொங்கண் ரயில்பாதை 1998-இல் முழுதாகத் திறந்ததிலிருந்து இந்தக் கடற்கரைக்குக் கார் கட்டாயம் இல்லை. உடுப்பி, குந்தாபுரா, மூகாம்பிகா ரோடு பைந்தூர், முருதேஸ்வர், ஹொன்னாவர், கும்டா, கோகர்ணா ரோடு என்று எல்லாம் ஸ்டேஷன்கள்தான். சென்னை, ஈரோடு, கோவைக்காரர்களுக்கு மங்களூரு மெயிலும் வெஸ்ட் கோஸ்ட் எக்ஸ்பிரஸும் இருக்கின்றன. தனியாகவோ இரண்டு பேராகவோ போகிறவர்கள் ரயிலில் கோகர்ணா போய் ஸ்கூட்டர் எடுத்து ஓம் பீச், குட்லே பீச் என்று சுற்றிவிட்டு வரலாம், செலவு காரில் கால்வாசி கூட வராது. மலைக்கும் பஸ் இருக்கிறது, உடுப்பியிலிருந்து ஆகும்பேக்கு மினி பஸ்கள் ஏறுகின்றன, அந்த ஓட்டுநர்கள் வளைவுகளைக் கையாளும் விதத்தை ஜன்னலோரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பஸ்ஸில் கஷ்டம் எங்கே என்றால், மேலே போனபின்தான். குந்தாத்ரி மலை, கவலேதுர்கா கோட்டை எல்லாம் முக்கியச் சாலையிலிருந்து விலகி உள்ளே இருக்கின்றன, அங்கிருந்து திரும்பிவர ஆட்டோவுக்குக் காத்திருப்பதிலேயே நாள் போய்விடும். கார் தன் வாடகைக்கு உழைப்பது அந்த மலநாட்டு உள்சாலைகளில்தான்.

அங்கே ஓட்டும்போது வரைபடத்தை மட்டும் நம்பாதீர்கள். ஆகும்பே சுற்றில் சிக்னல் போய்விடும், முன்கூட்டியே வரைபடத்தைப் போனில் இறக்கிவைத்துக்கொள்ளுங்கள், அதுவும் சில சமயம் பாக்குத் தோட்டத்துக்குள் போகும் மண் பாதையைக் குறுக்குவழி என்று காட்டும். ஹெப்ரி, தீர்த்தஹள்ளி, சாகர் தாண்டும்போதெல்லாம் டேங்கை நிரப்பிக்கொண்டு, பங்க்கிலேயே அடுத்த பாதை எப்படி இருக்கிறது என்று கேட்டுவிடுவது நல்லது. மொழி தெரியாதே என்று தயங்க வேண்டாம். “எடக்கே” என்றால் இடது பக்கம், “பலக்கே” என்றால் வலது பக்கம், “நேர” என்றால் நேராக. நம் இடமும் வலமும்தான், வலத்தின் வகரம் அங்கே பகரமாகியிருக்கிறது. நகரா பக்கம் ஒரு பாட்டி எங்கள் வண்டிக் கண்ணாடியில் குனிந்து வழி சொன்னபோது மகள்தான் முதலில் புரிந்துகொண்டு, “பல சைடு போகச் சொல்றாங்கப்பா” என்றாள். அந்தப் பாட்டி சிரித்துக்கொண்டே அவள் கையில் இரண்டு ஆரஞ்சுப் பழம் வைத்துவிட்டுப் போனார்.

சித்தி மகள் வீட்டில் நாலு பேர், குழந்தைகள் பெரியவர்கள், கணவன் மனைவி இருவரும் ஓட்டுவார்கள், போவது நவம்பர். வாடகைக் காரை உடுப்பியில் எடு, வடக்கே போய் ஜோக் ஏறி ஆகும்பே இறங்கு என்று சொல்லியிருக்கிறேன். சித்தியும் கூட வருவதாக நேற்று மறுபடி போன் வந்தது, கொல்லூரும் சிருங்கேரியும் பார்க்க வேண்டுமாம். அதற்காக வாடகைக் காரை விட்டு முழுக்க டிரைவர் வண்டிக்கு மாற வேண்டாம், நாலு நாளோடு இன்னொரு நாளைச் சேர்த்துக்கொள், அந்த ஒரு நாளுக்கு மட்டும் உடுப்பியிலிருந்து டிரைவர் வண்டி பேசி, காலையில் கிளம்பி இரண்டு கோயிலையும் பார்த்துவிட்டு இரவு திரும்பிவிடுங்கள் என்றேன். ஒரு நாள் ஓட்டத்துக்கு அந்த 300 கிலோமீட்டர் சரியாக வரும்.